ஆளி நார்க் காவடி

பழநி
9 ஜூன் 2024

அன்புள்ள மதினிக்கு, முருகேசு வணக்கத்தோடு எழுதுவது.

இங்கே வெயிலைத் தவிர வேறு குறை இல்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அண்ணன் சௌக்கியமா?

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். மன்னவனூரில் நம் வீட்டுக்கு டவர் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் உச்சி. அண்ணன் அங்கே ஏறி "ஹலோ" என்று கத்தினால் கீழே பாதி ஊர் சோலியை விட்டுவிட்டு நின்று கேட்கும். நான் சொல்ல வந்தது ஊருக்கான சேதி இல்லை. அதனால்தான் குகன் அண்ணனுடைய காய்கறி வண்டியில் இந்தப் பையையும் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடமாகப் பட்டறையில் கண்ணாடி நாரையும் ரெசின் பசையையும் வைத்துக் காவடி வளைவு செய்துதான் பிழைக்கிறோம். அந்தக் கண்ணாடித் தூள் என் வீட்டுக்காரர், உங்கள் அண்ணன் கைகளில் ஏறிவிட்டது. கை முழுக்க அரிப்பு, தூக்கத்திலும் சொறிகிறார், விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. ரெசினுக்குக் கையுறை போதும். கண்ணாடித் தூளுக்கு எந்தக் கையுறையும் போதவில்லை. தோல் டாக்டர் கண்ணாடி நாரை இனிமேல் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். இவருக்கு வேறு வேலை தெரியாது. திருப்பூரில் இருக்கும் கூட்டாளி ஜெயமுருகன், பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாக வா என்று கூப்பிடுகிறார்.

போன மாதம் கோயம்புத்தூர்க் கண்காட்சியில் ஒரு சைக்கிள் பார்த்தோம். சட்டம் முழுக்க ஆளிச் செடியின் தண்டு நாரும் ரெசினும்தான், கண்ணாடி கிடையாது. தொட்டால் அரிக்காது, எடையும் குறைவு. உங்கள் அண்ணன் அந்தச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார், கடைக்காரர் திருடனோ என்று பார்க்கும் அளவுக்கு. ஆளி குளிரில் நன்றாக வருமாம். நமக்குக் குளிருக்கா பஞ்சம்? பையில் விதை இருக்கிறது. நெருக்கி விதையுங்கள், அப்போதுதான் கிளைக்காமல் நேராக வளரும். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

அன்புடன்,
முருகேஸ்வரி

மன்னவனூர்
20 ஆகஸ்ட் 2024

அன்பு முருகேசுக்கு, மதினி தேவசேனா எழுதிக்கொள்வது.

நாங்கள் நலம். முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கும் வலிக்கிறது. அண்ணனுடைய கை எப்படி இருக்கிறது?

இரண்டு மாதமாகப் பதில் இல்லை என்று நீ கோபித்திருப்பாய். விதை முளைக்காமல் போனால் உனக்கு எந்த முகத்தோடு எழுதுவது என்று காத்திருந்தேன். முளைத்துவிட்டது. இடுப்பு உயரம் நிற்கிறது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

உன் அண்ணனைச் சம்மதிக்க வைக்க நான் பட்டது எனக்குத்தான் தெரியும். "பேர் தெரியாத செடிக்கு எட்டு சென்ட்டா? என் தங்கச்சிக்குக் கல்யாணத்துல செஞ்ச சீரு பத்தலையாக்கும்" என்றார். பூண்டு வயலுக்குக் கீழே சும்மா கிடந்த துண்டில் நானே விதைத்தேன். இப்போது பூவெடுத்திருக்கிறது, முருகேசு. நீலம். காலையில் விரிந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடுகிறது. ஏரி பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திவிட்டு வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். செடியை வேண்டாம் என்று சொன்ன உன் அண்ணன் வெள்ளனே எழுந்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் நிற்கிறார். இதுவரை பதினோரு குடும்பப் படத்தில் இருக்கிறார்.

பக்கத்துத் தோட்டத்துக் கருப்பம்மாள் சின்னம்மா, இது என்ன செடி என்று தினமும் கேட்கிறது. காவடிக்கு என்றேன். "காவடிக்குப் பூ வேணும்னா மயில் தோகை இருக்கே" என்று யோசித்துக்கொண்டே போனது. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று வெரசா எழுது.

பிரியமுள்ள,
தேவசேனா

பழநி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கண்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டே இருந்தேன். அண்ணனுடைய சட்டைக்கு இஸ்திரி யார் போடுகிறார்கள்? உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கவேண்டும்.

பூ உதிர்ந்து தண்டு மஞ்சளானதும் அறுக்காதீர்கள், வேரோடு பிடுங்குங்கள். அறுத்தால் நாரின் நீளம் போய்விடும். புல் தரையில் மெல்லியதாகப் பரப்பி, மூன்று வாரம் பனியில் கிடக்கவிடுங்கள். நடுவில் திருப்பிப் போடவேண்டும். பனி பட்டுப் பட்டுத் தண்டின் பசை விட்டு, தொட்டால் நார் தானாகக் கழன்று வரும். பிறகு அடித்து, சீவி, முதலில் ஒரு கைப்பிடி மட்டும் அனுப்புங்கள். சோதித்துப் பார்க்கிறோம்.

இன்னொன்று சொல்லவேண்டும். இவர் இப்போது ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார். ரசம் விரல் வெடிப்பில் பட்டால் எரிகிறதாம். கல்யாணமான நாளிலிருந்து சோற்றைப் பிசைந்து வழித்துச் சாப்பிட்ட மனுசன், ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு தட்டைப் பார்க்கிறார். ஜெயமுருகன் மறுபடி கூப்பிட்டார். தைப்பூசம் கழித்துச் சொல்கிறேன் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அதற்குள் இந்த நாரில் காவடி நின்றால் பட்டறை. நிற்காவிட்டால் திருப்பூர். எனக்குப் பயமாக இருக்கிறது, மதினி. இவர் இல்லாத வீட்டில் யாரோடு சண்டை போடுவேன்?

அண்ணனிடம் இதைச் சொல்லவேண்டாம். தொட்டி மேல் ஏறிவிடுவார்.

உங்கள் முருகேசு

மன்னவனூர்
14 அக்டோபர் 2024

அன்பு முருகேசுக்கு ஆசிகள்.

தைலம் வந்தது. முழங்கால் தேவலை. வாசத்துக்குத்தான் வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள்.

நீ எழுதியபடி எல்லாம் செய்தேன். வேரோடு பிடுங்கி, வரிசையாகப் பரப்பி, மூன்று வாரம் பனியில் போட்டேன். தினமும் போய் ஒரு தண்டை ஒடித்து ஒடித்துப் பார்ப்பேன். பதினெட்டாம் நாள் தோல் தனியாக உரிந்து வந்தபோது நான் போட்ட சத்தத்தில் உன் அண்ணன், பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தார். பிறகு அவரே பலகையில் நெருக்கமாக ஆணி அடித்துப் பெரிய சீப்பு ஒன்று செய்து கொடுத்தார். சீவச் சீவ நார் வெள்ளியாகப் பிரிந்து வருகிறது. என் தலைமுடியைவிட நன்றாகப் படிகிறது.

ஒரு கைப்பிடி இதோடு இருக்கிறது. மிச்சத் தண்டை எல்லாம் கட்டிச் சாய்ப்பில் வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து மழை பிடித்துக்கொண்டது.

அண்ணன் கையைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எந்த ஊருக்கும் அவரை அனுப்பமாட்டோம், நீ தைரியமாக இரு. இந்த நாரை நான் தங்கமாகக் கொடுக்கிறேன்.

அன்பு மதினி,
தேவசேனா

பழநி
27 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நலம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் குகன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். டப்பாவில் முப்பது அதிரசம் இருக்கவேண்டும். குறைந்தால் வழியில் குறைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கைப்பிடி நாரை அச்சில் வரிசையாகப் படுக்கவைத்து, ரெசின் ஊற்றி, ஒரு முழம் நீளப் பட்டை செய்தோம். காய்ந்ததும் இவர் அதன் இரண்டு முனையையும் செங்கல்லில் தாங்கவைத்து நடுவில் ஏறி நின்றார். வளைந்தது, ஒடியவில்லை. இறங்கியதும் நிமிர்ந்துகொண்டது. இவர் மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். சின்னப் பிள்ளை மாதிரி நாலு தடவை. வெட்டின தூளைக் கையில் எடுத்து முகத்தில் தேய்த்துக் காட்டினார், அரிக்கவில்லை என்று.

ஒரே ஒரு குறை. உள்ளே சின்னச் சின்னக் குமிழி. நாரில் ஈரம் இருந்திருக்கிறது. ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது, மதினி. மிச்சத்தை நன்றாக, மொறமொறவென்று காயவைத்து அனுப்புங்கள். இதுதான் முக்கியம்.

ஆர்டரும் வந்துவிட்டது. நத்தத்திலிருந்து பாதயாத்திரை வரும் பொன்னுச்சாமி குருசாமி, தைப்பூசத்துக்கு இருபத்தோரு காவடி கேட்டிருக்கிறார். போன வருடம் கண்ணாடிக் காவடி வேர்வையில் தோளை அறுத்துவிட்டதாம். இந்தப் பட்டையைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, இதுதான் வேண்டும் என்றார். அவர் கூட்டம் விரதத்தில் ரொம்பக் கறார். மார்கழி பிறந்தால் பூண்டு வெங்காயம் வதங்கும் தெருவில்கூட நடக்கமாட்டார்கள். குருசாமி வருடம் முழுக்கவே அப்படித்தான்.

முருகேசு

மன்னவனூர்
30 நவம்பர் 2024

அன்பு முருகேசுக்கு,

அனைவரும் நலம். அதிரசம் இருபத்தாறு வந்தது. குகன் நான்கையும் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று சொன்னான்.

மழை விட்டபாடில்லை. சூரியனைப் பார்த்து இருபது நாள் ஆகிறது. காரட் அழுகுகிறது, துணி காய்வதில்லை, உன் அண்ணன் அரை ஈரத்தில் வேட்டி கட்டிக்கொண்டு தும்முகிறார்.

ஆனாலும் நார் மட்டும் நன்றாகக் காய்ந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே மொறமொறவென்று. எப்படிக் காயவைத்தேன் என்பதெல்லாம் இப்போது எதற்கு? நிறம் கொஞ்சம் மாநிறமாக வந்திருக்கிறது. காவடிக்கு எப்படியும் பெயின்ட் அடிப்பீர்கள். பதினாலு கிலோ இருக்கிறது. சாக்கை இறுக்கிக் கட்டியிருக்கிறேன், திறக்கும்போது காற்றோட்டமான இடத்தில் வைத்துத் திற.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

தேவசேனா

பழநி
10 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

அண்ணனுடைய தும்மல் நின்றதா? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

சாக்கு வந்தது. காற்றோட்டமான இடத்தில்தான் திறந்தோம். நார் டீத்தூள் நிறத்தில் இருந்தது. காய்ச்சல் என்றால் அப்படி ஒரு காய்ச்சல், ஈரம் துளி இல்லை. இவருக்கு ஒரே சந்தோசம். அன்றைக்கே முதல் காவடி வளைவைச் செய்தார். மறுநாள் அச்சிலிருந்து எடுத்தால் ரெசின் தனியாக, நார் தனியாக வெங்காயத் தோலாட்டம் உரிகிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அதே கதைதான்.

நாரில் ஏதோ படிந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் கருப்பாக ஒட்டுகிறது. ஒரு வாசமும் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பொன்னுச்சாமி குருசாமி வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார். வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். "என்னம்மா, காவடிக்குத் தாளிச்சுக் கொட்டியிருக்கீங்களா?" என்றார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். அங்கே நின்றபடியே, "பொங்கலுக்குத் திரும்ப வாரேன். இதே வாசம் அடிச்சா மரக்காவடிக்குச் சொல்லிருவேன்" என்றார்.

அன்று சாயங்காலம் இவர் ஜெயமுருகனுக்குப் போன் போட்டு, வாட்ச்மேன் உடுப்புக்கு அளவு சொன்னார். இடுப்பு முப்பத்தாறு என்று. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு என்று திருத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மதினி, நாரை எங்கே காயவைத்தீர்கள்?

முருகேசு

மன்னவனூர்
18 டிசம்பர் 2024

அன்பு முருகேசுக்கு,

இங்கு நாங்கள் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல்.

மழை நின்றுவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. காரட் இந்த வருடம் கட்டை கட்டையாக வந்திருக்கிறது, ஒரு சிப்பம் அனுப்பியிருக்கிறேன். பட்டாணியும் வைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கும் வைத்திருக்கிறேன். கருப்பம்மாள் சின்னம்மா வீட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது. கிடாரி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அண்ணனுக்குப் பிடிக்குமே என்று சீம்பாலும் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். வண்டியில் கெட்டுவிடாது என்று நினைக்கிறேன்.

நீ கேட்டிருந்த விசயம் பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். குகன் வாசலில் ஹாரன் அடிக்கிறான். அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

தேவசேனா

பழநி
24 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

காரட், பட்டாணி, கிழங்கு, சீம்பால் எல்லாம் வந்தன. கன்றுக்குட்டிக்கும் என் ஆசீர்வாதம்.

குகன் அண்ணனிடம் கேட்டேன். அன்றைக்கு வண்டி சாயங்காலம்தான் உங்கள் ஊருக்கு வந்ததாம். நீங்கள் காலையிலிருந்தே சாமானைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தீர்களாம். ஹாரன் எங்கே கேட்டது?

மதினி, நான் பிறந்தது அந்த வீட்டில். அடுப்புக்கு மேலே பரணில் விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை போடுவோமே, அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். என் நோட்டைத் திருத்தும்போது டீச்சர் ஜன்னலைத் திறந்துவைப்பார். சாக்கை அவிழ்த்த அன்றே எனக்குத் தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். பரணில் போட்டதில் எனக்குக் கோபமே இல்லை. இருபது நாள் வெயில் இல்லாத ஊரில் "மொறமொறவென்று காயவை" என்று எழுதியவள் நான்தானே. சொல்லாமல் காரட் அனுப்பினீர்களே, அதில்தான் கோபம். இங்கே நான் ராப்பகலாகக் கலங்கிக்கொண்டிருக்கிறேன், எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சரி, விசயத்துக்கு வருகிறேன். கண்காட்சியில் பார்த்தவரிடம் போனில் கேட்டேன். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கொஞ்சமாகக் கரைத்து அலசிப் பார்க்கச் சொன்னார். ஒரு கைப்பிடியை அலசிக் காயவைத்து ரெசின் போட்டோம். பிடித்துக்கொண்டது, மதினி. முதல் தடவை செய்ததைவிடக் கெட்டியாக. கரி மட்டும் இல்லை, நாரின் மேல் இயல்பாகவே இருக்கும் மெழுகும் போய்விடுகிறதாம். வாசமும் இல்லை. நான் மோந்து பார்த்தது செல்லாது என்று பக்கத்து வீட்டில் விரதம் இருக்கிறவரைக் கூப்பிட்டும் மோந்து பார்க்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் எங்கள் தெருவுக்கு வாரம் ஒரு நாள்தான் தண்ணீர். பதினாலு கிலோவை நான் எதில் அலசுவேன்? மிச்சமிருக்கும் சாக்கைத் திருப்பி அனுப்புகிறேன். பொங்கலுக்குள் வந்தால் பிழைத்தோம்.

உங்கள் முருகேசு

மன்னவனூர்
8 ஜனவரி 2025

என் முருகேசுக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க உன் அண்ணனிடம்கூடப் பேசவில்லை. அவர் பயந்துபோய் அவராகவே சமைத்தார்.

பரணில்தான் போட்டேன். முதல் நாள் கொஞ்சமாகப் போட்டேன், இரண்டு நாளில் சருகாகக் காய்ந்தது. நம் கைக்குப் பழகின வேலைதானே, பூண்டு கெடாத இடத்தில் நார் மட்டும் கெடுமா என்று நினைத்து, பூண்டுக் கட்டுக்கு நடுவிலேயே எல்லாவற்றையும் தொங்கவிட்டேன். ஒரு வாரம் புகை போட்டேன். இறக்கும்போதே நிறத்தைப் பார்த்துத் தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது. தங்கமாகக் கொடுக்கிறேன் என்று எழுதிவிட்டு, கெடுத்துவிட்டேன் என்று எப்படி எழுதுவது? நீ எங்கே என்று கேட்டபோது அண்ணன் உடுப்புக்கு அளவு கொடுத்ததையும் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குக் கை ஓடவில்லை. அதனால் கன்றுக்குட்டியைப் பற்றி எழுதினேன். என்னை மன்னித்துக்கொள்.

நான் கெடுத்ததை நானே அலசினேன். காரட் கழுவும் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, சோடா கரைத்து, ஐந்து தடவை. பனிக்காலம், கை விறைத்துவிட்டது. கருப்பம்மாள் சின்னம்மா வந்து எட்டிப் பார்த்தது. "காவடிச் சோலியா? முருகனுக்கு அலசணும்னா கூப்பிட மாட்டியா" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டது. அதைப் பார்த்து இன்னும் ஆறு பேர். உன் அண்ணன் வெந்நீர் சுமந்தார். தை நெருங்குகிறது, இப்போது நல்ல வெயில். மூன்று நாள் கயிற்றில் போட்டு நாங்கள் மாறி மாறிக் காவல் இருந்தோம். ஊரே மோந்து பார்த்துவிட்டது. வாசம் இல்லை என்று பூண்டுக்காரர்கள் நாங்கள் சொன்னால் குருசாமி நம்புவாரா என்று மட்டும் தெரியவில்லை.

மறைத்து எதுவும் எழுதவில்லை, இந்தக் கடிதத்தில். சாக்கின் அடியில் இருக்கும் ஒரு கட்டு மட்டும் கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டேன்.

உன் மதினி

பழநி
24 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

பொங்கல் நன்றாக நடந்ததா? உங்கள் கை விறைப்பு சரியாகிவிட்டதா? நீங்கள் மன்னிப்பு கேட்ட இடத்தை மட்டும் பேனாவால் அடித்துவிட்டேன், அது நமக்குள் வேண்டாம்.

பத்தாம் தேதி சாக்கு வந்தது. பிரித்ததும் இவர் ஒரு கட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. சிக்கலான அடிக்கட்டையும் உட்கார்ந்து சீவிப் பிரித்து, அதிலும் ஒரு காவடி செய்துவிட்டார்.

பொங்கல் மறுநாள் பொன்னுச்சாமி குருசாமி வந்தார். தெருவிலேயே நின்று, ஒரு வளைவை வெளியே கொண்டுவரச் சொன்னார். மோந்தார். இன்னொன்றைக் கேட்டார். மோந்தார். அதுவரை செய்த ஆறையும் மோந்துவிட்டு, "வைக்கோல் வாசம் அடிக்கு. மாட்டுத் தொழுவம் மாதிரி. நல்ல வாசம்" என்று உள்ளே வந்து டீ குடித்தார். இவர் ஒரு வளைவை நிமிர்த்தி வைத்து, அதன் உச்சியில் இரண்டு சிமென்ட் மூட்டையைத் தொங்கவிட்டுக் காட்டினார். குருசாமி மூட்டையைப் பார்க்கவில்லை. இவர் கையைத்தான் பார்த்தார். "புண்ணு ஆறிருச்சே" என்றார்.

ஆமாம், மதினி. வெடிப்பெல்லாம் மூடி வருகிறது. பொங்கலன்று கையால் சாப்பிட்டார். ஆனால் திருப்பூருக்கு இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டால், "மூட்டை நிக்கும், மனுசன் ஆடுவான். மலை ஏறி முழுசா இறங்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்கிறார். ஒரு காவடி ஒடிந்தாலும் தைப்பூசக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதோடு பட்டறைக்குப் பூட்டுத்தான். மலையைப் பார்த்துத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

முருகேசு

பழநி
14 பிப்ரவரி 2025

தங்கச்சி தேவசேனாவுக்கும் மச்சான் திருமலைச்சாமிக்கும் ஞானவேல் எழுதுவது.

இருவரும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. முருகேசுதான் இந்தத் தடவை நீங்களே எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். உங்களுக்கு என்னென்ன எழுதினாள் என்று அவளே சொல்லிவிட்டாள். என் இடுப்பு முப்பத்தாறுதான்.

தைப்பூசத்தன்று இருபத்தோரு காவடியும் மலை ஏறின. நானும் பின்னாலேயே ஏறினேன். சாமி கும்பிட்டேனா என்று கேட்டால் இல்லை. ஒவ்வொரு வளைவையும் பார்த்துக்கொண்டே போனேன். பாதி மலையில் ஒருத்தர் அருள் வந்து ஆடிப் படியில் விழுந்துவிட்டார். காவடி உருண்டு ஏழெட்டுப் படி கீழே போனது. நான் ஓடிப்போய்க் காவடியைப் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தேன். கீறல்தான் இருந்தது, விரிசல் இல்லை. பொன்னுச்சாமி குருசாமி மேலே இருந்து கத்தினார். "ஏலே, மனுசன் விழுந்து கெடக்கான், நீ காவடியத் தடவுறே." விழுந்தவருக்கு முழங்கையில் லேசான சிராய்ப்பு. அதே காவடியைத் தோளில் வைத்து உச்சி வரை போய்விட்டார்.

இருபத்தொன்றும் முழுசாக இறங்கின. அடுத்த வருடத்துக்கு அறுபது கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கே ஜெயமுருகனைக் கூப்பிட்டு வரவில்லை என்றேன். உடுப்பு தைத்தாயிற்றே என்றான். நீயே போட்டுக்கொள் என்றேன். மச்சான், அரை ஏக்கர் வேண்டும். தங்கச்சி, உங்களுக்கும் சின்னம்மாவுக்கும் அலசின ஆறு பேருக்கும் முருகேசு சேலை எடுத்து வைத்திருக்கிறாள். நிறம் பிடிக்காவிட்டால் என்னிடம் சொல்லவேண்டாம்.

மலையிலிருந்து வந்த அலுப்பில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன். விடிகிற நேரத்தில் முருகேசு என்னைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள். கண்ணைத் திறந்தால் அழுதுகொண்டிருக்கிறாள். என்ன ஏது என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"நீங்க சொறியுற சத்தமே கேக்கலை. அதான் பயந்துட்டேன்" என்றாள்.

இப்படிக்கு,
ஞானவேல்